இலவசப் புட்டும் வாத்துத் தொப்பியும்

அந்த ஆபீசில் சேர்ந்த முதல் மாதத்திலேயே என் சுரிதார்கள் எல்லாம் இறுக ஆரம்பித்துவிட்டன. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். காலையில் போனால் புட்டும் கடலைக்கறியும், அப்பமும் முட்டைக்கறியும், போதாதென்று இட்லியும் இருக்கும். எதற்கும் காசு கிடையாது. எத்தனை தட்டு என்று யாரும் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. பதினோரு மணிக்குச் சாயாவும் பழம்பொரியும் வரும். கடைகளில் இருப்பது போலக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கும். எடுக்க எடுக்க யார் நிரப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் அதன் பக்கத்திலேயே கால் மணி நேரம் நின்றேன். நிரப்ப வந்த சேட்டன் என்னைப் பார்த்து, "எந்தா, தீர்ந்நுபோயோ?" என்று, ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டதோ எனப் பதறினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. வீடியோ கேம் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று, கடல் தாண்டிய தேசத்தைச் சேர்ந்தது, எங்கள் ஊரில் கிளை திறந்திருந்தது. தோப்பும்படியிலிருந்து ஏசி பஸ் வைத்து எங்களை அழைத்துப்போவார்கள். விளையாடிக் களைத்தால் சாய்ந்துகொள்ளப் பஞ்சு மூட்டைகள், முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி, பிறந்தநாளுக்கு நம் முகத்தையே க்ரீமில் வரைந்த கேக் என்று எல்லாம் இருந்தன. என் பிறந்தநாளில் என் வலது காதை நானே தின்றேன். ரொம்ப ருசியாக இருந்தது.

இந்த உபசாரத்துக்கெல்லாம் பதிலாக நான் செய்ய வேண்டியிருந்த வேலை, நாள் முழுக்க கேம் விளையாடுவது. சரியாக விளையாடக் கூடாது, அவ்வளவுதான். கேமுக்குள் ஓடு என்றால் நிற்க வேண்டும். கதவு இருந்தால் பக்கத்துச் சுவரில் போய் முட்ட வேண்டும். எங்கே முட்டினால் ஆள் சுவருக்குள் மாட்டிக்கொள்கிறான், எங்கே குதித்தால் தலை மட்டும் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குறைகளுக்கு பக் என்று பெயர். சின்ன வயதில், தொண்ணூறுகளில், எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி இருந்தது. அந்த வீட்டுச் சேச்சிக்குத் தெருக் குழாயில் நாலு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் அரை மணி நேரம் விளையாட விடுவாள். தண்ணீர் சுமந்து விளையாடியவளைக் கூப்பிட்டு, புட்டு போட்டு, விளையாடு என்றால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை.

வீடு என்று நான் சொல்வது மட்டாஞ்சேரியில் முனிசிப்பாலிட்டி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவின் அப்பா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அப்பாவுக்கு முனிசிப்பாலிட்டியில் சாக்கடை வேலை. எங்கள் ஊரில் சாக்கடையைக் கான என்பார்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றாலும் அப்பாவுக்குத்தான் ஆள் வரும். அம்மா ஒரு ஹோட்டலின் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஒருநாள் பீன்ஸோடு விரலையும் சேர்த்து நறுக்கியதும் வேலையை விட்டுவிட்டாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவைத்தோம். வரிசை நீளமாக இருந்தது.

ஆபீஸ் கதைகளைத் தினமும் அம்மாவிடம் கொட்டுவேன். அவள் ஆச்சரியம் தாங்காமல் கேட்பாள்.

"அது ஆபீஸா, கல்யாண வீடா டீ?"

"கல்யாண வீட்டுல ஒரு நேரந்தானம்மா சோறு. இங்க நாலு நேரம்."

"அப்போ அங்கயே இரு. எங்கயும் போயிராத."

எனக்கும் போகிற எண்ணம் துளியும் இல்லை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்தால் பெர்மனென்ட் கடிதம் தருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்துக்கு வேறெங்கும் போகக் கூடாது. பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லா ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அப்பா அம்மா பெயரையும் சேர்த்து ஒரு மருத்துவ அட்டை கிடைக்கும். அந்த அட்டையைக் காட்டினால் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே அம்மாவுக்குக் கண் திறந்துவிடும். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது தொப்பிக்கு வருகிறேன்.

எங்கள் டீம் லீடுக்கு முப்பது வயதிருக்கும். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சார் என்று கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வார். "நாம ஒரு குடும்பம், சேட்டன்னு கூப்பிடு போதும்" என்பார். யாருடைய பிறந்தநாளையும் மறக்கமாட்டார், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் விசாரிப்பார். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, டீமுக்குத் தமாஷாக ஏதாவது வாங்கி வா என்று எறணாகுளத்து பிராட்வே கடைத்தெருவுக்கு அனுப்பினார். நான் வெகு சிரத்தையாகக் கடைகடையாக ஏறி இறங்கி, மஞ்சள் நிறத்தில் பெரிய அலகும் உருண்டைக் கண்ணும் உள்ள ஒரு வாத்துத் தொப்பியைப் பிடித்தேன். தாடைக்கடியில் மாட்ட ரப்பர் நாடா வேறு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நானே சிரித்துச் சிரித்து வந்தேன்.

லீடுக்குத் தொப்பியைப் பார்த்ததும் யோசனை வந்துவிட்டது. யார் சோதித்த பகுதியில் குறை தப்பித்து வெளிநாட்டுத் தலைமை ஆபீஸ் வரை போகிறதோ, அவர்கள் அன்று முழுக்க இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் கைதட்டினோம். நல்ல பெண், நல்ல தொப்பி என்று என் முதுகில் தட்டினார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் அதைப் போட்டது என் பக்கத்து நாற்காலிக்காரி. இடக்கொச்சியிலிருந்து வருகிற பெண், பேச்சு குறைவு. அவளுடைய பகுதியில் ஒரு கதவு திறக்காமல் போய், அது தலைமை ஆபீஸுக்குத் தெரிந்துவிட்டது. காலை பத்து மணிக்குத் தொப்பி ஏறியது. சாப்பிடும்போதும், மீட்டிங்கிலும், பாத்ரூம் போகும்போதும் அதோடுதான் நடந்தாள். கழற்றினால் மறுநாளும் போட வேண்டும் என்பது விதி. அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாத்து மாதிரி "குவாக், குவாக்" என்று கத்தினேன். கூடமே குலுங்கிச் சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் தாடைக்கடியில் ரப்பர் நாடா பதிந்த கோடு சிவப்பாகத் தெரிந்தது. ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். பழம்பொரி இருக்கு, வேணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு தொப்பி யார் யார் தலைக்கோ போனது. என் தலைக்கு வரவில்லை. ஏனென்றால் நான் கெட்டிக்காரி. என் பகுதி மழை பெய்கிற ஒரு வெளிநாட்டு நகரம். துப்பாக்கி வைத்திருக்கும் கதாநாயகன் ஒரு திருடனைத் துரத்தித் தெருத்தெருவாக ஓட வேண்டும். எல்லோரும் திருடன் பின்னால் ஓடினார்கள். நான் சாக்கடைக்காரர் மகள் அல்லவா, இவ்வளவு மழை பெய்கிறதே, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இரும்புக் கம்பி போட்ட சாக்கடை மூடி இருந்தது. அதன் மேல் குனிந்து நின்று ஏழெட்டுத் தடவை உதைத்தால் கதாநாயகன் தரையைப் பொத்துக்கொண்டு கீழே விழுந்தான். நகரத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் நீலம். அதில் கையைக் காலை ஆட்டியபடி விழுந்துகொண்டே இருந்தான். துள்ளிக் குதித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் என் குறிப்பு மூடப்பட்டுத் திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

எங்கள் ஆபீசில் அது ஒரு வழக்கம். குறையைச் சரிசெய்ய நேரமில்லை என்றால் இந்த வரியைப் போட்டு மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் குறை இல்லை. நானும் தோளைக் குலுக்கிவிட்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டேன்.

ஆறாவது மாதம் கடைசி சனிக்கிழமை குடும்ப விழா வைத்தார்கள். வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாக்களுக்கும் பஸ் விட்டார்கள். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டிய நாள். அப்பா வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்தபடி நடந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறுத்தி, இது பஞ்சு மூட்டை, இது முதுகு பிடிக்கிற நாற்காலி என்று தொட்டுக் காட்டினேன். நாற்காலி அதிர ஆரம்பித்ததும் அம்மா, "ஐயோ, யாரோ பின்னாடி உக்காந்திருக்காங்க!" என்று எழுந்து ஓடப் பார்த்தாள். அப்பா புட்டையும் பார்க்கவில்லை, நாற்காலியையும் பார்க்கவில்லை. நேரே பாத்ரூமுக்குப் போய்த் தரையைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"சரிவு கறக்ட்டா போட்டிருக்கான். ஒரு சொட்டு வெள்ளம் நிக்காது. நல்ல கம்பெனி."

அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. மகள் கையெழுத்துப் போடலாம்.

நடுக்கூடத்தில் பெரிய திரை வைத்து, பெற்றோர்களையும் ஒவ்வொருவராக விளையாட விட்டார்கள். தலைமை ஆபீசிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். அப்பாவின் முறை வந்தபோது திரையில் என் மழை நகரம். பொத்தான்கள் உள்ள கைப்பிடியை அப்பா மண்வெட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று லீட் சொல்லிக்கொடுத்தார்.

"திருடன் அந்தப் பக்கம் ஓடறான் அங்கிள், துரத்துங்க!"

"நிக்கட்டும் மோனே. இவ்வளவு மழை பெய்யுது, ரோட்டுல வெள்ளம் கெட்டி நிக்குதே. கான எங்க?"

கதாநாயகன் துப்பாக்கியைப் பிடித்தபடி ஓரமாக, மெதுவாக, தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்து நடந்தான். முட்டுச்சந்துக்குள் திரும்பினான். கடைசிவரை போனான். "இதோ இருக்கு. அடைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. குனிய எதை அழுத்த வேண்டும் என்று கேட்டார். யாரோ ஆர்வமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது உதையில் கதாநாயகன் பொத்தென்று நகரத்தை விட்டே கீழே போனான். பத்தடித் திரை முழுக்க நீலம். நடுவில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு அவன்.

அப்பா பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். "மூடி லூஸ்" என்றார்.

யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். யாரும் செய்யாத அந்த வேலையைத்தான் என் அப்பா முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் புருவத்தை உயர்த்தி லீடைப் பார்த்தார். லீட் ஒரு நிமிடம்கூடத் திணறவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "இந்தப் பகுதி யாரோடது? இவரோட மகளோடதுதான்! அப்பாவே வந்து பிடிச்சுட்டார்!" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். வெள்ளைக்காரரும் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. யாரோ ஓடிப்போய்த் தொப்பியைக் கொண்டுவந்தார்கள். லீட் அதை என் தலையில் வைத்து, ரப்பர் நாடாவைத் தாடைக்கடியில் இழுத்து மாட்டினார்.

நான் மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. திங்கட்கிழமையும் கூடவே வந்தது. சிரித்துவிட்டேன். அப்போது ஒரு பலத்த கைதட்டல் கேட்டது. பார்த்தால் அப்பா. எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். விழா முடிந்து பஸ் ஏறும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம், கண்ணாடிச் சட்டம் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். உபசாரத்தில் ஒரு குறையும் வைக்காத கம்பெனி அது.

பஸ் இறங்கி வீடு வருவதற்குள் அப்பா மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். சாயாக்கடையில் படத்தைக் காட்டினார். "சாயிப்பு முன்னாடி வெச்சு எம் மகளுக்குக் கிரீடம் வெச்சாங்க. கேமுல கான அடைஞ்சிருந்துச்சு, நான்தான் கண்டுபிடிச்சேன், பேரு அவளுக்கு!" என்றார். வெள்ளைக்காரரைத்தான் எங்கள் ஊரில் சாயிப்பு என்பார்கள். சாயாக்கடைச் சேட்டன் எங்கள் இரண்டு பேருக்கும் காசு வாங்காமல் சாயா கொடுத்தார். நான் குடித்தேன். வீட்டில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினார் அப்பா.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம் மீன்குழம்பெல்லாம் முடிந்து எல்லோரும் சும்மா இருந்தோம். அம்மா சுவர்ப்பக்கம் பார்த்து, "மஞ்சளா ஏதோ தெரியுது. படத்துல யார் யார் இருக்காங்க, சொல்லு" என்றாள். நான் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"இது லீட் சேட்டன். சிரிக்கிறார். பக்கத்துல சாயிப்பு."

"அவரும் சிரிக்கிறாரா?"

"ஆமா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு. பின்னாடி எங்க டீம் மொத்தமும் சிரிக்குது. நடுவுல நான்."

"நீ?"

"நானும்தான் சிரிக்கிறேன். பல்லு முப்பத்திரண்டும் தெரியுது."

"அப்பாரு?"

"இந்த ஓரத்துல. கை தட்டுறார்."

அப்படி ஒவ்வொரு முகமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனபோது இடக்கொச்சிக்காரியிடம் வந்தேன். என் விரல் நின்றுவிட்டது. மொத்தப் படத்திலும் அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருக்கிற என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொப்பி பரிசில்லை, தண்டனை. அதை வாங்கிவந்தது நான். அந்தக் குறையை மூன்று மாதம் முன்பே நான் எழுதிக் கொடுத்தது, அவர்கள் மூடியது, எல்லாம். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நான் கை தட்டினேனே" என்றார்.

அம்மாதான் காரியவாதி. "ஒரு தொப்பிதானே? தலையில என்ன ஓட்டையா விழுந்துரும்? போட்டுட்டுப் போ. சோறு நல்லா இருக்கில்ல?" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு தட்டில் புட்டு, பஸ், அம்மாவின் இரண்டு கண்கள். இன்னொரு தட்டில் ஒரு வாத்துத் தொப்பி. யார் பார்த்தாலும் எது கனம் என்று சொல்லிவிடுவார்கள். நானும் கையெழுத்துப் போடுவதாகத்தான் முடிவு செய்தேன். ஒரே ஒரு நிபந்தனை கேட்பது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சர்டிபிகேட் பையோடு போனேன். மூடப்பட்ட என் குறிப்பை அச்செடுத்து லீடின் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் மோளே. மூடினதே நான்தானே. சாயிப்பு முன்னாடி வேற என்ன செய்ய? தமாஷாக்கி எல்லாரையும் காப்பாத்திட்டேன். உன்னையும் சேர்த்துத்தான்." அவர் பேசியது மலையாளத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். சிரிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

"சேட்டா, அந்தத் தொப்பிய மட்டும் எடுத்துடுங்க. இனி யாருக்கும் வேண்டாம். நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "தொப்பி நீ வாங்கினதுதானே? அந்த இடக்கொச்சிக் குட்டி போட்டுக்கிட்டு வந்தப்போ வாத்து மாதிரி கத்தினது யாரு? அன்னிக்கு எல்லாரையும் விட உனக்குத்தானே சிரிப்பு? உன் தலைக்கு வந்ததும் தமாஷ் கசக்குதா?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. மற்றதையெல்லாம் மறுத்துப் பேச வாதங்கள் வைத்திருந்தேன், இதற்கு இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று வருடத்தையும் பார்த்துவிட்டேன். தொப்பி வாரத்துக்கு ஒரு தலை ஏறும். ஏறும்போதெல்லாம் நான் கத்துவேன். நன்றாகவே கத்துவேன், ஏனென்றால் அன்று அது என் தலையில் இருக்காது. புட்டும் ருசியாகவே இருக்கும். அதுதான் பயமாக இருந்தது.

எழுந்துவிட்டேன். கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே விட்டேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனாலும் நேரே வாசலுக்குப் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இரண்டு தட்டுப் புட்டும் கடலையும் வாங்கி உட்கார்ந்தேன். தியாகம் செய்கிறவர்கள் பசியோடு போக வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. இடக்கொச்சிக்காரி சாயாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் போகிறேன் என்று சொன்னேன். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குக் கத்தினேன்ல. ரொம்பத் தப்பு. மன்னிச்சிரு" என்றேன்.

அவள் ஒரு வாய் சாயா குடித்தாள்.

"தாறாவு அப்படிக் கத்தாது" என்றாள். தாறாவு என்றால் வாத்து. "எங்க வீட்டுக்குப் பின்னாடி காயல்ல பதினஞ்சு தாறாவு கிடக்கு. நீ கத்தினது தவளை மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்கு அன்னிக்கு ரொம்ப ஆத்திரம்."

இரண்டு பேரும் வாய் பொத்திச் சிரித்தோம். எனக்குப் புட்டு மூக்கில் ஏறிவிட்டது. அவள் அங்கேயே இருந்தாள். அவளுக்குத் தம்பி தங்கைகள் இருந்தார்கள், அவளுக்கு அவளுடைய கணக்கு. பிற்பாடு நன்றாக மேலே வந்தாள். கொஞ்ச நாள் கழித்துத் தொப்பி கிழிந்துபோனதாகவும், யாரோ புதிதாகச் சேர்ந்த பெண் தவளைத் தொப்பி வாங்கி வந்ததாகவும் போனில் சொன்னாள்.

எனக்குச் சுள்ளிக்கல்லில் ஒரு சின்ன ஆபீசில் வேலை கிடைத்தது. கடைகளுக்கு பில் போடுகிற கம்ப்யூட்டர் வேலை. சாயா வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். சுரிதார்கள் பழைய அளவுக்குத் திரும்பின. அம்மாவின் முறை அரசு ஆஸ்பத்திரியில் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தபோதெல்லாம், அவள் சுவரைத் தடவிக்கொண்டு பின்வாசலுக்குப் போனபோதெல்லாம், என் நெஞ்சில் குத்தும். அம்மா ஒரு தடவைகூடக் குத்திக்காட்டவில்லை. அப்பா சாயாக்கடையை மாற்றிக்கொண்டார். படத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. கழற்றினால் ஆணி மட்டும் தெரியும், அதுவும் நன்றாக இராது.

முதல் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டு பிரித்து, வீட்டுக்குக் கூட்டிவந்தோம். உள்ளே நுழைந்ததும் அம்மா குஷியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒட்டடையைக் கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்று சத்தம் போட்டாள். அலமாரியில் பாத்திரம் கழுவிய லட்சணத்தைப் பார்த்து என்னைத் திட்டினாள். நாங்கள் இருவரும் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தோம். அப்புறம் சுவர்ப் படத்தின் முன்னால் போய் நின்றாள். கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பா கை தட்டுவதை விரலால் ஒரு தடவை தொட்டாள். அப்புறம் என் முகத்தில் விரல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அன்னைக்கு நீயும் சிரிக்கிறேன்னுதானே டீ சொன்ன?" என்றாள். "பல்லு தெரியுது. சிரிப்பு எங்க?"